நசுங்கிய நரம்போடு ஒரு நிருபர்

காலை பத்தரை மணி, மூன்று பத்திரிகையாளர் சந்திப்புகள், படம் எடுக்க ஒரே ஒரு அந்தோணி: எங்கள் தமிழ் நாளிதழின் பெங்களூரு அலுவலகத்தில் வேலை இப்படித்தான் தொடங்கும். ஸ்ரீராம்புரத்துக்காரனான அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இந்த ஊர்ப் பள்ளங்களில் ஸ்கூட்டர் ஓட்டினால் முதுகு என்ன ஆகும் என்பது, இதைப் படிக்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளிகிற உங்களுக்குத் தெரியும். எனக்குக் கீழ்முதுகில் முதுகெலும்புத் தட்டு ஒன்று பிதுங்கி, இடது காலுக்குப் போகும் நரம்பை நசுக்கியது. பிட்டத்திலிருந்து கால் கட்டைவிரல் வரை மின்சாரம் பாய்வதுபோல் வலி. உட்கார்ந்தால் இரட்டிப்பு. தலைமை நிருபர் கோமதி மேடம் சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டு மாசம் பாக்கறேன். வெளிய ஓட முடியலன்னா டெஸ்க்ல உக்காந்து ஏஜென்சி செய்தி மொழிபெயருங்க."

வெளியே போகாத நிருபராக ஓய்வு பெறும் எண்ணம் எனக்கு இல்லை.

படம் சொன்னது

எம்.ஆர்.ஐ. அறிக்கை கைக்கு வந்ததும், பழக்க தோஷம், அதில் மிக மோசமான வரியைத் தேடிப் படித்தேன். மல்லேஸ்வரம் டாக்டரிடம் நீட்டி, "ஆபரேஷன் எப்போ?" என்றேன். அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, என்னைக் குதிகாலால் நடக்கச் சொன்னார். கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார். மரத்திருந்தது, ஆனால் பலம் குறையவில்லை.

பெரும்பாலும் இது கத்தி இல்லாமலே அடங்கிவிடும், மாத்திரையும் நடையும் பயிற்சியும் போதும், படுத்தே கிடக்கக் கூடாது என்றார். பாதம் தொங்கிப்போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ மட்டும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நான் விடாமல் மறுபடி படத்தை நீட்டினேன்.

"வலியே இல்லாத உங்க வயசுக்காரர எடுத்தாலும் இதுல பாதி இருக்கும். நான் படத்துக்கு வைத்தியம் பண்றதில்ல சார்."

நின்றவன்

உட்கார முடியாததால், ஓர் அமைச்சரின் பத்திரிகையாளர் சந்திப்பில் கடைசிச் சுவரில் சாய்ந்து நின்றபடியே குறிப்பெடுத்தேன். எங்கள் தொழிலில் நாற்காலி காலியாக இருக்கும்போது ஒருவன் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்: எதிர்ப்பு. அமைச்சரின் உதவியாளர் வியர்த்துப்போய் ஓடிவந்தார். "கூத்கொள்ளி, உக்காருங்க சார், என்ன கோபம்? நேத்து விளம்பர லிஸ்ட்ல உங்க பேப்பர் விட்டுப்போச்சா?" என்று நாற்காலி, காபி, எல்லாம் கொண்டுவந்தார். அமைச்சரே என்னைப் பார்த்து, முதல் கேள்வியை நீங்கள் கேளுங்கள் என்றார். கேட்டேன். ஒழுங்காகப் பதிலும் கிடைத்தது.

வெளியே வந்ததும் அந்தோணி கேமராவைப் பையில் போட்டான். "உக்காந்தா உனக்கு பயம், நின்னா அவங்களுக்கு பயம். நின்னுனே இருணா."

முன்கூட்டியே முடித்தது

பயிற்சி சொல்லித்தந்தவர் பிசியோதெரபிஸ்ட் நஸ்ரின். குப்புறப் படுத்து, இடுப்பைத் தரையில் விட்டு, கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்க வேண்டும். கொஞ்சமாக, நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்து.

வார இறுதியில் வெளியூர்ச் செய்தி ஒன்று இருந்தது. ஞாயிறு மலருக்கு வியாழக்கிழமையே எழுதிக் கொடுத்துவிடுகிற புத்தி, முதுகிலும் வேலை செய்தது. அலுவலகத் தரையில் பழைய பேப்பரை விரித்து, இரண்டு நாள் பயிற்சியை ஒரே காலையில் முடித்துவைத்தேன். மாலையில் ஷூ மாட்ட அந்தோணி வேண்டியிருந்தது. வெளியூருக்கு வேறு ஆள் போனார். இரண்டு மாதக் கெடுவில் ஒரு வாரம் வீண்.

நஸ்ரின் திட்டவில்லை. "நாளைக்கு குளிக்கிறதையும் இன்னிக்கே குளிச்சிட்டு வருவீங்களா சார்?"

வலி மேலே ஏறியது

அதன்பிறகு சொன்னபடி மட்டும் செய்தேன். பேட்டிகளை நடந்துகொண்டே எடுத்தேன். ஸ்கூட்டரை விட்டு மெட்ரோவில் நின்று போனேன். ஒருநாள் கெண்டைக்காலில் வலி இல்லை. பதிலாக இடுப்பில் இருமடங்கு. எல்லாம் போயிற்று, டெஸ்க்தான் என்று நினைத்து நஸ்ரினிடம் போனேன். அவர் முகம் மலர்ந்தது. கால் வலி சுருங்கி முதுகுக்கு ஏறினால், நரம்பின் மேலிருந்த அழுத்தம் குறைகிறது என்பதற்கு நல்ல அடையாளமாம்.

"அது மூட்டை கட்டிட்டு கிளம்பிடுச்சு சார். நீங்க போய் வழியில நிக்காதீங்க."

கெடு முடியும் வாரத்தில், ஹெப்பகோடித் தொழிலாளர் ஊர்வலத்துக்கு நானே போகிறேன் என்று கோமதி மேடத்திடம் சொன்னேன். அவர் என் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "போங்க. நடுவுல ஆட்டோ புடிச்சா பில் கொண்டுவராதீங்க."

மார்ச் மாத முதல் திங்கட்கிழமை ஊர்வலம் முழுவதையும் நடந்தே பார்த்து எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அது இடமில்லாமல் எட்டாம் பக்கத்தில் நாலு வரியாக வந்தது.