துணியில் இருந்த பழுப்புக் கறை

நடுவட்டத்துக்குக் கீழே உள்ள ஓர் எஸ்டேட்டில் கெஸியா பத்தொன்பது வருடமாகப் பிள்ளைக்காம்பரா ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் குழந்தைகளை விட்டுப் போகும் அறை அது. இளசுகள் க்ரெச் என்கிறார்கள். இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இன்னும் பிள்ளைக்காம்பராதான். கெஸியாவும் ஆறு வயதில் அப்படி வந்தவர்.

வயிறு உப்பி அழும் குழந்தைக்குப் பெருங்காயத்தை வெந்நீரில் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவார். ஓமத்தை வறுத்துக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஒரு கரண்டி ஊட்டுவார். பெரும்பாலும் அடங்கிவிடும். ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் வேலை போய்விடும் என்பதால், லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீட்டுப் பெண்கள் முதலில் வருவது அவரிடம்தான்.

ரஞ்சனியின் மகன் அஸ்வந்த் பதினான்கு மாதத்தில் அங்கே வந்தான். பிறந்ததிலிருந்தே குடித்த பாலைக் கக்குகிற பிள்ளை. நடக்கத் தொடங்கினால் நின்றுவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நடக்கத் தொடங்கியும் நிற்கவில்லை. சாப்பிட்டதும் எதுக்களித்து, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்துவான்.

கெஸியா அவனுக்காக மெனக்கெட்டார். ஒரேயடியாக ஊட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை ஊட்டினார். பாலைக் குறைத்து, குரக்கன் என்று அவர் சொல்லும் கேழ்வரகுக் கஞ்சியைக் கெட்டியாகக் கொடுத்தார். ஊட்டியபின் அரைமணி நேரம் தோளில் நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டு, மற்ற குழந்தைகளுக்கு நடுவே நடந்தார். நடுவில் ஓமத்தண்ணீர். இரண்டு மாதத்தில் பையன் முக்கால் கிலோ ஏறினான். ரஞ்சனி அதைத் தேயிலைக் காட்டில் எல்லோரிடமும் சொன்னாள். கெஸியாவுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

ஆடி மழையில் அவனுக்குச் சளி பிடித்தது. கெஸியா சுக்கைத் தட்டிக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சிக் கொடுத்தார். அன்று மதியம் அவன் கக்கியதைத் துடைத்தபோது, துணியில் காப்பித்தூள் மாதிரி பழுப்புத் துகள்கள் ஒட்டியிருந்தன. காலையில் கொடுத்த கருப்பட்டி என்று நினைத்து அலசிப் போட்டார். மறுநாளும் அதே. அன்று கஷாயம் மூன்று கரண்டிதான் போயிருந்தது, இவ்வளவு நிறம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணம் தோன்றியது. வாசலில் இரண்டு குழந்தைகள் அடித்துக்கொண்டன. அவர் எழுந்து போனார். மூன்றாம் நாளும் கறை இருந்தது, ஆனால் பையன் அழவேயில்லை. வலி குறைந்து தூங்குகிறான் என்று நம்பினார்.

நான்காம் நாள் காலை அவன் மலம் தார் மாதிரி கருப்பாகப் போனது. கண்ணிமையைப் பிதுக்கிப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக இருந்தது. குழந்தைகளைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு கொழுந்துக் காட்டுக்கு ஓடினார். ரஞ்சனியைக் கூட்டிக்கொண்டு எஸ்டேட் ஜீப்பில் ஊட்டிக்கும், அங்கிருந்து ஆம்புலன்ஸில் கோயம்புத்தூருக்கும் போனார்.

பையனுக்கு இரண்டு முறை ரத்தம் ஏற்றினார்கள். இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறியிருக்கிறது, புளித்த நீர் மேலே வந்து வந்து உணவுக்குழாய் புண்ணாகிக் கசிந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். கை வைத்தியத்தால் வந்த நோய் இல்லை என்றும் சொன்னார். ஆனால் வாந்தியில் நிறம் மாறிய அன்றே கொண்டுவந்திருந்தால் இந்த அளவுக்குப் போயிருக்காது என்றார். நிறம் எப்போது மாறியது என்று ரஞ்சனியைக் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் அவன் கக்கியதில் அவள் நிறம் எதுவும் பார்த்ததில்லை. கெஸியா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

ஊருக்குத் திரும்பியதும் கணவர் கொர்னேலியஸிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் ஃபேக்டரியில் பாய்லர் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர்.

“யாரும் உன்னைக் கேக்கல. நீயா வாயத் திறக்காத,” என்றார்.

கெஸியா இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.  மூன்றாம் நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி கோயம்புத்தூர் பஸ் ஏறினார். ஆபரேஷன் முடிந்திருந்தது. பையன் மூக்கில் குழாயோடு கிடந்தான். ரஞ்சனி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடிவராவிட்டால் என் பிள்ளை இல்லை என்று அழுதாள்.

“ரஞ்சனி, மூணு நாளா துணியில கறை இருந்துச்சு. நான் பாத்தேன்.”

ரஞ்சனி கையை எடுக்கவில்லை. “பாத்தீங்களா?”

“கருப்பட்டின்னு நெனச்சேன். ரெண்டாம் நாளே சந்தேகம் வந்துச்சு. ஒங்கிட்ட சொல்லல.”

“ஏங்க்கா சொல்லல?”

நான் தேற்றிவிட்ட பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. ரஞ்சனி கையை விடுவித்துக்கொண்டு கட்டில் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கெஸியா கொண்டுபோயிருந்த ஆரஞ்சுப் பழங்களை ஸ்டூலில் வைத்துவிட்டு வந்தார்.

அஸ்வந்த் பிழைத்தான். ரஞ்சனி இனி மலை வேண்டாம் என்று எஸ்டேட்டில் வேலை பார்த்த கணவன் முத்துவேலோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். பிள்ளைகளுக்கு எதுவும் காய்ச்சிக் கொடுக்கக் கூடாது என்று எஸ்டேட் ஆபீசில் கெஸியாவிடம் எழுதி வாங்கினார்கள். நான்கு தாய்மார்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு வேறு வழியில்லை, விட்டுப் போனார்கள். வயிறு உப்பி அழும் பிள்ளையை அவர் இப்போது தோளில் போட்டுக்கொண்டு நடக்க மட்டும் செய்கிறார். கக்கினால் துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறார். கொஞ்சம் நிறம் மாறினாலும் தாய்க்கு ஆள் அனுப்புகிறார். பாதி நாள் வேலை கெட்டதென்று அவர்கள் திட்டுகிறார்கள்.

போன மாசி மாதம் முத்துவேலின் சர்வீஸ் காகிதம் ஒன்றுக்காக ரஞ்சனி ஆபீசுக்கு வந்திருந்தாள். கெஸியா ஜன்னல் வழியாகப் பார்த்தார். பையன் வளர்ந்திருந்தான். ஆபீஸ் படியில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். தின்று முடித்து, எழுந்து, ஓடினான். ரஞ்சனி பிள்ளைக்காம்பராப் பக்கம் திரும்பவில்லை. கெஸியாவும் கூப்பிடவில்லை. பதினொன்றரை பஸ்ஸுக்கு அவர்கள் ஏறிப் போகும்வரை ஜன்னலிலேயே நின்றார்.