மூடுபனியில் முடிந்த சுவர்

தணிக்கைக் குழுவின் தலைவி என்று என்னை யாராவது அறிமுகப்படுத்தினால், கேட்பவர்கள் முகம் இரண்டு விதமாகப் போகும். பாவம், பொழுதுபோகாத கிழவி என்பது ஒன்று. ஐயோ, இவளிடம் பார்த்துப் பேச வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் எனக்குச் சம்மதம்தான். வங்கியில் ஆய்வாளராக ஊர் ஊராகப் போய் ஊரார் வயிற்றெரிச்சலை எல்லாம் கொட்டிக்கொண்டவள் நான். ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் வந்து உட்கார்ந்தபோது, இனி யார் வம்பும் வேண்டாம், கேரட்டும் பீன்ஸும் பொரியல் செய்து தின்றுகொண்டு கிடப்போம் என்றுதான் நினைத்தேன். வாய் சும்மா இருந்தால்தானே?

ஓர் அறக்கட்டளை நடத்தும் தனியார் பல்கலைக்கழகம் அது. தலைமை வளாகம் அடிவாரத்தில், பழனிப் பக்கம். தோட்டக்கலை படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் மேல்மலையில், கூக்கால் போகிற வழியில், ஒரு சிறிய வளாகம். தணிக்கைக் குழுவுக்கு வெளியாள் ஒருவர்தான் தலைமை தாங்க வேண்டும் என்பது விதி. என்னைக் கூப்பிட்டார்கள். குழுவில் இன்னும் இரண்டு பேர்: மதுரையிலிருந்து வரும் ஆடிட்டர் ஒருவர், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர்.

அப்படி என்னதான் செய்வீர்கள் என்று என் தங்கை கேட்பாள். காசை நாங்கள் தொடமாட்டோம். காசோலையில் கையெழுத்துப் போடமாட்டோம். செலவு செய்கிறவர்கள் சொன்னதைச் செய்தார்களா, செய்ததைச் சொன்னார்களா என்று கேட்பதுதான் எங்கள் வேலை. கேட்டுவிட்டு, பதில் சரியில்லை என்றால் ஆட்சிக்குழுவுக்கு எழுதுவோம். அவ்வளவுதான். ஆனால் ஒழுங்காகக் கேட்டால் அதுவே போதும்.

எனக்கு முன்பு எப்படிக் கேட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? அடிவாரத்தில் கூட்டம். முந்திரிப்பருப்பு, காபி. நிதி அலுவலர் அறிக்கையை வாசிப்பார், எல்லோரும் தலையாட்டுவார்கள். சாப்பாடு முடிந்து போகும்போது ஆளுக்கொரு பஞ்சாமிர்த டப்பா. மலை வளாகத்துக்கு ஒருவரும் போனதில்லை. காரணம் ஆடிட்டரின் வயிறு. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே அவருக்குக் குமட்ட ஆரம்பித்துவிடும். அவருக்காக மற்றவர்களும் போகவில்லை. மேலே நடக்கும் வேலைகள் எல்லாம் போட்டோவாகக் கீழே இறங்கி வந்தன.

நான் தலைமை ஏற்ற பிறகு வந்த பெரிய விஷயம் பெண்பிள்ளைகள் விடுதி. மேலே அந்தப் பிள்ளைகள் ஒழுகுகிற தகரக் கூரை போட்ட வாடகை வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்காக மலைச்சரிவை வெட்டிப் புது விடுதி கட்டியாயிற்று. வெட்டிய சரிவு பின்னால் நிமிர்ந்து நிற்க, அதைத் தாங்க ஒரு கல் சுவர். அமைச்சர் வந்து திறக்கத் தேதி கொடுத்துவிட்டார். திறந்த அன்றே பிள்ளைகள் குடிபோவதாக ஏற்பாடு. உள்தணிக்கை அறிக்கையை நாங்கள் ஏற்றுக்கொண்டால் ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தொகை போய்விடும்.

திரையில் சுவரின் படத்தைக் காட்டினார்கள். நல்ல கருங்கல். கிட்ட இருந்த கற்கள் தெளிவாகத் தெரிந்தன, போகப் போக மங்கி, அந்தக் கடைசியில் வெள்ளையாகப் பனிக்குள் போய்விட்டது.

"அடடா, சினிமா லொகேஷன் கணக்கா இருக்குங்க," என்றார் ஆடிட்டர்.

"சுவர் முழுசும் முடிஞ்சிருச்சுங்க மேடம். ரிப்போர்ட்டுல இருந்து நாங்க எதையும் எடுக்கலிங்க," என்றார் நிதி அலுவலர்.

எடுத்தீர்களா என்று யார் கேட்டது? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன். அந்த அறிக்கையை எழுதுகிற உள்தணிக்கை அலுவலரைப் பார்த்தேன். நாற்பது தாண்டிய பெண், மேல்மலைக் கிளாவரை ஊரில் பூண்டு போடுகிற குடும்பத்தில் பிறந்தவர். அந்த அம்மா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று கூட்டமாக அப்படித்தான் பார்க்கிறார்.

எனக்குச் சுருக்கென்றது. விதிப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு: உள்தணிக்கை அலுவலருடன் குழு தனியாகப் பேச வேண்டும், நிர்வாகத்தார் யாரும் இருக்கக் கூடாது. அதை அங்கே யாரும் செய்ததே இல்லை. செய்வதென்றால் துணைவேந்தரை எழுந்து வெளியே போகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அது நடக்கிற காரியமா?

"ஐயா, கொஞ்ச நேரம் எல்லாரும் வெளிய இருக்கீங்களா? நாங்க இவங்ககிட்டத் தனியாப் பேசணும்," என்றேன்.

பேராசிரியர் என் முழங்கையைத் தொட்டார். "ஏம்மா, வி.சி.யவா?" என்று கிசுகிசுத்தார்.

துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றினார். "நானுமாம்மா?"

"நீங்கதாங்க மொதல்ல."

நாற்காலியை அவர் தள்ளிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கதவைச் சாத்தினார்கள். அந்த அம்மா மறுபடியும் மேசையைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இவ்வளவு பேரை வெளிய அனுப்பிட்டு நான் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?"

"நான் என்னத்தங்க சொல்ல? வருசா வருசம் என் வேலைக்கு மதிப்பெண் போடுறது நிதி அலுவலருதான். நாளைக்கு நீங்க வண்டி ஏறிப் போயிருவீங்க. நான் அவருக்கு எதிர்த்தாப்புல உக்காந்து பொழைக்கணும்."

நியாயம்தானே? மேய்கிற வேலியே காவலாளிக்குச் சம்பளம் போட்டால் பயிரை யார் பார்ப்பது? கோபம் இறங்கிவிட்டது. "இனிமே உங்களுக்கு மதிப்பெண் போடுறது இந்தக் குழு. அதைத்தான் இன்னைக்கு மொதத் தீர்மானமா எழுதப்போறேன்," என்று சொல்லி, அவர் கண் முன்னால் எழுதி, மற்ற இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன்.

அதைப் படித்துப் பார்த்துவிட்டு அவர் தண்ணீர் குடித்தார். "சுவரு பாதிதாங்க கெடக்கு. வெள்ளனே மேகம் எறங்கினப்போ போயிப் படம் எடுத்துருக்காக. மிச்சப் பாதி மேகத்துக்குள்ள இருக்குன்னு நீங்களா நெனச்சுக்குவீக. நான் எழுதித்தான் குடுத்தேன். அந்தப் பாராவ எடுத்துட்டாங்க."

வெளுத்ததெல்லாம் பால் என்று நாங்கள் மூன்று பேரும் குடித்திருக்கிறோம்! மலையில் குடியிருக்கிற நானும் சேர்த்துத்தான். ஆனாலும் ஒருவர் சொன்னார் என்பதற்காக எழுதிவிட முடியாது. கேட்டதைக் கண்ணால் பார்க்க வேண்டும். எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு, மறுநாள் காலையில் மலைக்குப் போகிறோம் என்றேன்.

"எனக்கு மலை ஒத்துக்காதுங்க மேடம்," என்றார் ஆடிட்டர்.

"எலுமிச்சம்பழம் வச்சுக்குங்க."

வழி நெடுக அவர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி, கையில் பிளாஸ்டிக் கவருடன் வந்தார். வளைவுக்கு வளைவு வண்டி நின்றது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன், அதில் எனக்கு வெட்கமில்லை. துணைவேந்தர் நிதி அலுவலருடன் வேறு வண்டியில் வந்தார்.

மேலே போனால் அப்படியொரு பனி. விடுதியின் வாசலே கிட்டப் போன பிறகுதான் தெரிந்தது. கட்டில்கள் உள்ளே வரிசையாகப் போட்டுக் கிடந்தன. நிதி அலுவலர் வெரசாக நடந்து பின்புறம் போய்ச் சுவரைத் தட்டினார். "பாருங்க மேடம், தொட்டுப் பாருங்க. எப்பேர்ப்பட்ட சுவரு!"

தொட்டேன். உண்மையிலேயே நல்ல சுவர். கையை எடுக்காமல் நடந்தேன். கல், கல், கல். பிறகு கல் இல்லை. என் கை ஈர மண்ணுக்குள் போனது, பிடி மண் உதிர்ந்து செருப்பில் விழுந்தது. துணைவேந்தரைக் கூப்பிட்டு அவர் கையையும் அங்கே வைக்கச் சொன்னேன். வைத்தார். விரலை மூடித் திறந்து, மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"திருட்டு இல்லிங்க மேடம்," என்றார் நிதி அலுவலர். "சத்தியமா இல்ல. அமைச்சர் தேதி குடுத்துட்டாரு. விழா முடிஞ்சதும் மிச்சத்தக் கட்டிருவேன்னு காண்ட்ராக்டர் சொன்னாரு."

நான் அதை நம்பினேன். திருடனாக இருந்தால் எனக்கு வேலை சுலபம்.

"விழா மட்டும் நடக்கட்டும்மா. இத்தனை பேருக்கு அழைப்பு போயிருச்சு," என்றார் துணைவேந்தர்.

"நடத்துங்க. யாரு வேண்டாம்னா? பிள்ளைங்க குடிபோறத நிறுத்த எனக்கு அதிகாரம் கெடையாது, ஆட்சிக்குழுவுக்கு எழுதத்தான் முடியும். இன்னைக்கே எழுதுறேன். சுவர் இல்லாத மண்ணுக்குக் கீழ பிள்ளைங்களப் படுக்கவைக்கத் துணைவேந்தர் சம்மதிச்சாருன்னு எழுதவா, சம்மதிக்கலன்னு எழுதவா?"

அவர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார். சம்மதிக்கவில்லை என்று எழுதச் சொன்னார். விழா நின்றது.

என்னைத் திட்டாதவர்கள் பாக்கியில்லை. அறக்கட்டளைக்காரர்கள் திட்டினார்கள். அதுகூடப் பரவாயில்லை. வாடகை வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் நானே காரணம் சொன்னபோது, ஒரு பெண் முகத்துக்கு நேரே கேட்டாள்: "நீங்கதானா எங்க ஹாஸ்டல நிறுத்துனது? சுடுதண்ணியில குளிக்கலாம்னு இருந்தோம்." பக்கத்தில் ஒழுகுகிற இடத்தில் பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தது. நான் குனிந்து அந்த வாளித் தண்ணீரை வெளியே கொண்டுபோய்க் கொட்டினேன்.

ஐப்பசி அடைமழை பிடித்தது. ஒரு காலையில் உள்தணிக்கை அம்மா போன் செய்தார்.

"மேடம், மண்ணு எறங்கிருச்சுங்க. சுவரு இல்லாத பக்கம். ரூமுக்குள்ள சன்னலு வரைக்கும் கெடக்கு."

"உள்ள?"

"யாரும் இல்லிங்க மேடம். உள்ள யாருமே இல்லிங்க."

அதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். வாழ்க்கையில் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன், ஒன்றுக்கும் அழுததில்லை.

போய்ப் பார்த்தேன். சேற்றுக்கு மேலே கட்டில்களின் தலைமாட்டுக் கம்பிகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. சுடுதண்ணீர் கேட்ட பெண்ணும் வந்திருந்தாள். என் பக்கத்தில் வந்து ஒட்டி நின்றுகொண்டாள்.

கோடையில் சுவர் முழுதும் எழும்பியது. அடுத்த கூட்டத்தை மலை வளாகத்திலேயே வைத்தேன். ஆடிட்டர் எலுமிச்சம்பழத்தை அவரே கொண்டுவந்திருந்தார். கணக்குகள் முடிந்ததும் நான் வாயைத் திறக்குமுன் துணைவேந்தர் எழுந்தார். "வாங்க, நாம வெளிய இருப்போம்," என்று நிதி அலுவலரையும் கூட்டிக்கொண்டு போய், கதவைத் தன் கையாலேயே சாத்தினார்.

உள்தணிக்கை அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நெறைய இருக்குங்க மேடம்," என்று ஆரம்பித்தார்.

ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. துணைவேந்தர் புதுச் சுவரில் கையை வைத்து, எடுக்காமல், அந்தக் கடைசி வரைக்கும் நடந்து போனார்.