கேக் வெந்த நாளில் செய்த கத்தி

புதூர்நாட்டில் தனசேகரனுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஜீப் ஓட்டும் நேரம் போக, வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் பழைய வண்டி ஸ்பிரிங் பட்டையை அடித்துக் கத்தி செய்வான். "ஒடஞ்சா எடுத்துட்டு வா, கேள்வி கேக்காம வேற தர்றேன்" என்று ஜீப்பில் ஏறுகிறவர்களிடமெல்லாம் அளப்பான். சும்மா சொல்லக்கூடாது, கத்தியும் நன்றாகத்தான் இருக்கும்.

செக்கச்செவேலென்று காய்ந்த இரும்பை எண்ணெயில் முக்கினால் கண்ணாடி மாதிரி விறைத்துக்கொள்ளும். பிறகு மிதமான சூட்டில் நெடுநேரம் வைத்தால்தான் அடி தாங்கும். அதற்கு அவன் நம்பியிருந்தது, கேக் செய்து விற்கும் மனைவி இளவரசியின் ஓவனை. அன்றைக்குப் பார்த்து அதில் யாருக்கோ பிறந்தநாள் கேக் வெந்துகொண்டிருந்தது. அது இறங்கும்வரை காத்திருக்க இவனுக்குப் பொறுமையில்லை. ஜோடியாகச் செய்த இரண்டில் ஒன்றை அப்படியே தீட்டி, பலாப்பழம் விற்கும் மாதம்மாளிடம் கொடுத்துவிட்டான்.

முதல் பழத்திலேயே கத்தி ஒடிந்தது. கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு அவள் ஜீப் நிற்கும் இடத்துக்கு வந்தாள். ஒடிந்த துண்டுகளைப் பார்த்ததுமே தனசேகரனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சுற்றிலும் ஆட்கள்.

"கல்லு மேல போட்டு அடிச்சிருப்ப. கத்தி இன்னா பண்ணும்?"

"இல்ல தம்பி, பழத்ததான்..."

"பழம் அறுக்கவே தெரியலன்னா ஏன்க்கா கடை போடற?"

எல்லோரும் சிரித்தார்கள். மாதம்மாள் துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

சில நாள் கழித்து அவள் கடையோரம் ஜீப்பை நிறுத்தினான். யாரோ அவன் கத்தியைக் குறை சொல்ல, அவள் மறித்துப் பேசுவது கேட்டது. "தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்குதான் புடிக்கத் தெரியல."

அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு கேவலமானவனா நான் என்று கூனிக் குறுகிப்போனான். இளவரசி "இன்னாச்சி?" என்றபோது அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

மறுநாள், அதேபோல் சூடு வைக்காமலே கிடந்த ஜோடிக் கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு மாதம்மாளின் கடைக்குப் போனான். அன்று சிரித்தவர்களையும் கூப்பிட்டு நிறுத்தி, அவளுடைய பழத்திலேயே ஓங்கி வெட்டித் திருகினான். படக்கென்று ஒடிந்தது.

"நான்தான்க்கா ஒழுங்கா சூடு வெக்காம குடுத்துட்டேன். தப்பு என்னுது."

யாரும் சிரிக்கவில்லை. மாதம்மாள் விரல் துணியை இறுக்கிக்கொண்டாள்.

"அன்னிக்கே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்க்கா."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. பழத்துக்குள் சிக்கிய துண்டைப் பிடுங்கி அவன் கையில் வைத்துவிட்டு, தன் பழைய அரிவாளை எடுத்து அறுக்க ஆரம்பித்தாள்.