நாலு வீட்டுக்கு ஒரு ஸ்பேர் டயர்

"…அப்போ சுடுகாட்டுக்காவது புது டயர்ல கொண்டு போங்க லா. ஒட்டுறதா மாத்துறதான்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கிறதுக்குள்ள, அந்த நாற்காலில வேற யாராச்சும் ஒக்காந்துருவாங்க."

சொன்னவள் என் மனைவி. சுவா சிம்பாங்கில், ஊர் முச்சந்தியில், இருக்கிற டயர் கடையின் வாசலில், பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மூன்று வார்த்தை பேசினால் ஒரு மூச்சு இழுக்க வேண்டியிருந்தது அவளுக்கு. அந்த மூச்சுக்கு நடுவிலும் அவளுக்கு இந்தப் பேச்சு வந்ததுதான் ஆச்சரியம். மணி பன்னிரண்டு நாற்பது. கடைக்காரத் தம்பியும் நானும் ஒரு டயரைத் தரையில் போட்டு இரண்டு பக்கமும் குந்தியிருந்தோம்.

அவள் சொன்ன நாற்காலி பக்கத்துப் பட்டணமான போர்டிக்சனில் இருக்கிறது. டயாலிசிஸ் நிலையத்தில், ஜன்னல் ஓரத்திலிருந்து இரண்டாவது. செவ்வாய், வியாழன், சனி, மதியம் ஒரு மணிக்கு அது அவளுடையது. ஒன்றரை வரை காத்திருப்பார்கள். அதற்கு மேல், பெயர் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கும் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவளுக்கு முதன்முதலில் இடம் கிடைத்ததே, யாரோ ஒருவர் நேரத்துக்கு வராமல் போனதால்தான்.

மற்ற செவ்வாய்க்கிழமையாக இருந்தால் சமாளித்திருப்போம். சனிக்கிழமை அவளுக்குப் பாதி நேரம்தான் ஓடியது, நடுவில் மெஷின் நின்றுவிட்டது. மூன்று நாள் தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிட்டது. காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியதால் சுவரில் சாய்ந்துதான் தூங்கினாள். "செவ்வாக்கிழம எப்படியாச்சும் ஆன்ட்டியக் கூட்டிட்டு வந்துருங்க, தள்ளிப் போடாதீங்க" என்று சனிக்கிழமையே தாதி என்னைப் பார்த்துச் சொன்னாள். மனைவியைப் பார்த்துச் சொல்லவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்துத்தான் சீக்கிரமே கிளம்பினேன். பத்து நிமிஷம் மிச்சமாகும் என்று எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டில் காரை விட்டேன். எதிரே செம்பனைப் பழ லோரி வந்தது. ஓரம் ஒதுங்கினேன். வெட்டிக் குவித்திருந்த மட்டை ஒன்றின் அடிக்கட்டை, கத்தி மாதிரி சீவியிருந்தது, முன் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. யாரோ பெருமூச்சு விட்டது போல இருந்தது.

இறங்கிப் போய், சாமான் வைக்கிற பின்பக்கப் பூட்டைத் திறந்தேன். ஸ்பேர் டயர் இருந்தது. காற்று இல்லை.

இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். எங்கள் வரிசையில் நாலு வீடு, நாலு வீட்டிலும் ஒரே மாதிரி பழைய சின்னக் கார். ஒருவர் டயர் மற்றவருக்குச் சேரும். ஆகவே எல்லாரும் ஸ்பேரைச் சுமந்து திரிவானேன் என்று, நாலு வீட்டுக்கும் ஒரே ஒரு ஸ்பேர் டயர் என்றாகிவிட்டது. மற்ற மூன்றையும் எப்போதோ காரில் மாட்டித் தேய்த்து முடித்தாயிற்று. அந்த இடத்தில் ஒருவர் பூட்டில் கோயில் அண்டா போகும், இன்னொருவர் பூட்டில் சமையல் கேஸ் தோம்பு. யாருக்குப் பஞ்சரோ அவர் வந்து டயரைக் கேட்டு வாங்கிப்போவார். கடைசியாக வாங்கியவர் பஞ்சர் ஒட்டி, காற்றடித்து, அடுத்தவர் கேட்கும்வரை தம் காரில் வைத்திருக்க வேண்டும். அதுதான் எங்கள் சட்டம். பல வருஷமாக ஒரு சண்டை இல்லை.

கடைசியாக வாங்கியவன் நான். மூன்று வாரத்துக்கு முன்னால் மாட்டியபோது அதிலும் ஒரு மட்டை முள் ஏறிவிட்டது. யாராவது கேட்டால் அன்றைக்கு ஒட்டிக் கொடுத்துவிடலாம் என்று அப்படியே பூட்டில் போட்டு மூடிவிட்டேன். ஒருத்தரும் கேட்கவில்லை.

ரிம்மிலேயே உருட்டிக்கொண்டு டயர் கடைக்கு வந்து சேர்ந்தோம்.

கிழிந்த டயரைத் தம்பி ஒரு பார்வைதான் பார்த்தார். "இது முடிஞ்சிருச்சுண்ணே. சைட்ல கிழிஞ்சா ஒட்டு நிக்காது. மாத்தணும்."

"மாத்துங்க தம்பி."

"இந்த சைஸ் இங்க இல்லண்ணே. போர்டிக்சன்லேர்ந்து கொண்டாரணும். ரெண்டு மணி ஆயிரும்."

"அப்போ ஸ்பேர்ல முள்ளப் பிடுங்கிட்டு ஒட்டுங்க. அதுக்கு எவ்ளோ நேரம்?"

"பத்து நிமிசம். ஆனா ஒட்ட மாட்டேன்."

டயரைத் திருப்பிப் போட்டு, கட்டை விரலால் ரப்பரை அழுத்திக் காட்டினார். வறண்ட வயல் மாதிரி வெடிப்பு வாய் திறந்தது. நாலு வீட்டிலும் ஒருவர்கூட அந்த டயரின் வயதைக் கேட்டதில்லை.

"முள்ளு ஓட்டைய அடைச்சிருவேன். இந்த வெடிப்ப என்னா செய்ய? வேகமா போனா வெடிச்சிரும். அக்காவ வச்சிக்கிட்டா போறீங்க?"

"மெதுவா போறேன் தம்பி. நாப்பதுலயே போறேன்."

"நாப்பதுல போனா ஒன்னரைக்குப் போய்ச் சேர மாட்டீங்க. ஒன்னரைக்குப் போற மாதிரி ஓட்டுனா டயரு தாங்காது. நீங்களே சொல்லுங்க, எதுக்கு நான் ஒட்டணும்?"

வேறு நாளாக இருந்தால், நல்ல பேச்சைக் குறித்து வைக்கிற என் பழக்கப்படி, இதை வீட்டுக்குப் போனதும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருப்பேன். அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கெஞ்சினேன். வயதில் சின்னவர், என்னிடமிருந்து கையை உருவவும் கூச்சப்பட்டு அப்படியே குந்தியிருந்தார். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூவருக்கும் போன் போட்டாயிற்று. ஒருவர் எண்ணெய் ஆலையில் ஷிஃப்ட். ஒருவர் லோபாக்கில், மகள் வீட்டில். இன்னொருவர் போனை எடுக்கவில்லை. கைப்பேசியில் வாடகைக் கார் தேடினேன். திரையில் தேடுகிற வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, சுவாவுக்கு ஒரு காரும் வரவில்லை. தம்பியிடம் இருந்தது மோட்டார் சைக்கிள்தான். அதில் ஏறி நெஞ்சில் காற்று அடித்தால் இவள் தாங்கமாட்டாள்.

"ஒட்டுங்க தம்பி, வெடிச்சா வெடிக்கட்டும்" என்று நான் கத்திவிட்டேன். "நான் ஒட்டி, வெடிச்சா? நான் எப்படிண்ணே தூங்குறது?" என்று அவரும் கத்தினார்.

அப்போதுதான் அவள் சுடுகாட்டுப் பேச்சைப் பேசினாள். பக்கத்தில் காற்றடிக்கும் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அது ஒரு பழ லோரிக்காக ஓடியது. பழத்தை ஆலையில் கொட்டிவிட்டு வந்த காலி லோரி. அதன் மலாய் டிரைவர் தானே குழாயைப் பிடித்துக் காற்றடித்துக்கொண்டிருந்தார். இருபது நிமிஷமாக அந்த லோரி எங்களுக்கு நாலடி தள்ளி நின்றிருக்கிறது. இரண்டு ஆம்பளைகளுக்கும் கண்ணில் பட்டது டயர் மட்டும்தான்.

அவள் ஸ்டூலைப் பிடித்து எழுந்தாள். மூச்சு வாங்கினாள்.

"பாங், பி.டி.க்குப் போறீங்களா? தும்பாங் குடுப்பீங்களா?" பாதி மலாய், பாதி தமிழ்; போர்டிக்சன் வரை லோரியில் ஏற்றிக்கொள்வீர்களா என்று கேட்டாள்.

டிரைவர் அவள் வீங்கின காலைப் பார்த்தார். லோரிப் படியைப் பார்த்தார். படி அவள் இடுப்புக்கு இருந்தது. "உயரம் அக்கா" என்று மலாயில் மெல்லச் சொன்னார். மாட்டேன் என்று சொல்லவில்லை.

நான் ஓடினேன். தூக்கிவிடலாம் என்று கையை நீட்டினேன்.

"தொடாதீங்க. பைய மட்டும் குடுங்க."

பையில் அவள் போர்வையும் ரொட்டியும் இருந்தன. வாங்கித் தோளில் மாட்டினாள். இடது கையில்தான் டயாலிசிஸ் ஊசி ஏறும், அந்தக் கையில் பாரம் விழக்கூடாது. அதை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். வலது கையால் கதவுக் கம்பியைப் பிடித்தாள். ஒரு முழங்காலைப் படியில் ஊன்றி, இரண்டு முறை மூச்சு விட்டு, மற்றதையும் ஊன்றி, நாங்கள் மூன்று பேர் பார்த்துக்கொண்டு நிற்க, ஒற்றைக் கையாலேயே ஏறி உட்கார்ந்து கதவை அவளே இழுத்துச் சாத்தினாள்.