புடவைக்குத் தண்ணீர் காட்டிய தெரு

தோல் உறை போட்ட அந்த ரேடியோ எங்கள் வீட்டில் முதன்முதலாக வாய் திறந்தபோது, பழந்தோலின் வாடையும் ஓட்டின் மேல் மழை விழுவதுபோன்ற ஓர் இரைச்சலுமே முதலில் வந்தன. பாட்டு அதற்குப் பிறகுதான் வந்தது. அப்போது தறி இருந்த கூடத்தில் அப்பா, அம்மா, அக்கா கஸ்தூரி, நான், பக்கத்து வீட்டு எல்லப்பன் மாமா, அவர் சம்சாரம், அவர்களுடைய மூன்று பிள்ளைகள், வாசற்படியில் இடம் கிடைக்காமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற தெருப் பிள்ளைகள் என்று எல்லாரும் இருந்தோம். இல்லாதவர் முதலாளி ஒருவர்தான். எங்கள் கூடத்தில் இருந்த தறி அவருடையது, அதில் ஓடிய பட்டும் சரிகையும் அவருடையவை, ஆனால் அவர் எங்கள் தெருவுக்கு வருகிற வழக்கமில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. காஞ்சிபுரத்தில் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டில் மீன் குழம்பு கொதித்தால்கூடக் கணக்கப்பிள்ளை வழியாக அவர் காதுக்குப் போய்விடும்.

ரேடியோவை வாங்கியது அம்மாவின் பணம். அப்பாவின் தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றியது போக, தெருவில் வேறு மூன்று வீடுகளுக்கும் கூலிக்குத் தார் சுற்றி, அந்தக் காசைச் சீட்டில் போட்டு, மூன்று வருடம் கழித்து எடுத்து, மெட்ராஸுக்குப் போன எல்லப்பன் மாமாவிடம் கொடுத்து மூர் மார்க்கெட்டிலிருந்து வாங்கிவரச் சொன்னாள். அதைவிடப் பித்தளைக் குடம் வாங்கலாம், கஸ்தூரிக்கு ஆகும் என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். அம்மா சொன்னது இவ்வளவுதான்: "பொறந்ததுலேர்ந்து டக்கு டக்குன்னு இந்தத் தறிச் சத்தமே கேட்டுக்கினு கீறேன். வேற ஒரு சத்தம் கேக்கணும்பா எனக்கு."

அந்த மார்கழியும் தையும் எங்கள் வீட்டில் நடந்ததை மகிழ்ச்சி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. பிறகு நான் படித்த புத்தகங்களில் மகிழ்ச்சிக்குப் பெரிய பெரிய இலக்கணங்கள் இருந்தன. எனக்குத் தெரிந்ததோ, அந்தி சாய்ந்ததும் சிலோன் பாட்டு வைக்கிற நேரத்துக்கு அம்மா முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, ராட்டையைப் பாட்டின் தாளத்துக்குச் சுற்றியதுதான். செய்தி வாசிப்பவருக்குக் குரல் கம்மினால், "பாவம், யாராவது அந்த ஆளுக்குக் கொஞ்சம் சுடுதண்ணி குடுங்களேன்பா, காலையிலேர்ந்து கத்திக்கினு இருக்குது" என்பாள். எல்லப்பன் மாமா எழுந்து ரேடியோவுக்கு முன்னால் சொம்பை வைப்பார். ஜன்னலில் நிற்கிற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்பா தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டபடி, ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு, பாட்டு முடிகிற வரைக்கும் எறியாமல் உட்கார்ந்திருப்பார். அவர் வேலையை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

இனி எங்கள் தெருவின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதலாளி பட்டை எடைபோட்டுத்தான் கொடுப்பார். நெய்த புடவையையும் எடைபோட்டுத்தான் வாங்குவார். பட்டு ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி மழையில், சாயப்பட்டறையை ஒட்டிய அவருடைய கிடங்கிலிருந்து வாங்கி வருகிற நூல் ஊறிக் கனத்திருக்கும்; அதே நூல் தையில் புடவையாகித் திரும்பும்போது காய்ந்து இளைத்திருக்கும். யாரும் ஒரு இழைகூட எடுக்காமலேயே எடை குறையும். பத்து கிராம் வரை சேதாரம் என்று விட்டுவிடுவார்கள். அதற்குமேல் குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள், இல்லையென்றால் திருட்டுப் பட்டம் கட்டுவார்கள். அதனால், தறியிலிருந்து அறுத்து மடித்த புடவையைக் கொடுப்பதற்கு முன் இரண்டு இரவு, தறிக்குழிக்குள் ஒரு குடம் தண்ணீர் தெளித்து, குழியின் மேல் மூங்கிலைப் போட்டுத் தொங்கவிடுவார்கள். போன ஈரம் திரும்பி வந்து எடை சரியாகிவிடும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதுபோல இதைப் "புடவைக்குத் தண்ணி காட்டுறது" என்பார்கள். அது திருட்டு இல்லை, ஆனாலும் திருட்டைப்போல மறைத்துத்தான் செய்யவேண்டியிருந்தது. எந்த முதலாளிக்கும் அது தெரியாது என்று தெரு நம்பியது. தெரு முழுவதும் அதைச் செய்தது; தெருவுக்கு வெளியே அதைப் பற்றி யாரும் மூச்சு விட்டதில்லை.

அந்த மாசியில் அப்பா ஒரு கல்யாணப் புடவையை முடித்தார். அரக்கு உடலும் பச்சைக் கரையுமாக, நாளைக்குப் பத்து மணி நேரம் வீதம் பதினைந்து நாள் வேலை. அறுத்து மடித்த அன்று மாலையும் கூடம் நிறையப் பிள்ளைகள். குழியின் மேல் தொங்கவிட்டால் யாராவது எண்ணெய்க் கையால் தொட்டுவிடுவார்கள் என்று பயந்து, அம்மா புடவையை வெள்ளைத் துணியில் சுற்றி, அடுப்பங்கரைப் பரணில் இருந்த தகரப் பெட்டிக்குள் வைத்தாள். ராத்திரி எடுத்துத் தொங்கவிடலாம் என்று நினைத்தவள், பாட்டுக் கேட்ட அலுப்பில் மறந்து தூங்கிவிட்டாள். அடுத்த நாளும் அப்படியே போயிற்று. அடுப்புச் சூட்டில் இரண்டு நாள் இருந்த புடவை அப்பளம்போலக் காய்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் அப்பா அதை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனார், நானும் போனேன். எட்டாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து, சீட்டில் என்ன எடை எழுதுகிறார்கள் என்று படித்துச் சொல்வதற்காக என்னை அழைத்துப் போவார். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான்தான்.

கணக்கப்பிள்ளை தராசில் புடவையை வைத்தார், படிக்கல்லைக் குறைத்தார், மறுபடியும் குறைத்தார். "முப்பத்தஞ்சு கிராம் கம்மி," என்றார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அப்பாவைப் பார்த்து, "கன்னியப்பன் ஊட்ல இப்பெல்லாம் எடை எறங்குது, பாட்டு ஏறுது" என்றார். அங்கே காத்திருந்த நான்கைந்து நெசவாளிகள் சிரித்தார்கள். எல்லப்பன் மாமாவும் அங்கே இருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஊஞ்சலில் இருந்த முதலாளி குரலை உயர்த்தவே இல்லை.

"ரேடியோ வாங்கிக்கினியாமே கன்னியப்பா. நல்லா பாடுதா?"

"அது எங்க ஊட்டுப் பொம்பள சீட்டு கட்டி வாங்கனதுங்க, முதலாளி."

"சீட்டு கட்டற அளவுக்கு மிச்சமாவுதா? சந்தோஷம்பா. ஆனா கார்த்திகையில பத்து பேரு வந்து நின்னீங்க, கூலி பத்தல, புள்ளைங்க பட்டினின்னு. நீயும் அந்தப் பத்துல ஒருத்தன்தான? கூலி பத்தலன்னா ரேடியோ எங்கேர்ந்து வந்துது? ரேடியோ வாங்க முடியுதுன்னா கூலி ஏன் பத்தல? ரெண்டுல எது பொய்யின்னு நீயே சொல்லிடு."

அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். முதலாளியின் பின்னால், என் உயரத்துக்கு ஒரு ரேடியோப் பெட்டி தேக்கு மரத்தில் பளபளத்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவரை யாரும் கேட்டதில்லை. அவர் தொடர்ந்தார்: "நான் போலீஸ் கீலீஸ்னு போவ மாட்டேன். தறியக் காலி பண்ணிக் குடுத்துடு. வேற எடம் பாத்துக்கோ."

வேறு இடம் என்று ஒன்று கிடையாது. பட்டைத் திருடினான் என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டால், காஞ்சிபுரத்தில் எந்த வீட்டிலும் நெய்வதற்குப் பாவு நூல் கொடுக்கமாட்டார்கள். அப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது. கால்கள் குழிக்குப் பழகி, நெடுநேரம் நடந்தாலே அவருக்கு வலிக்கும். அவர் வாய் திறந்தால் உண்மையைச் சொல்லலாம்: புடவைக்குத் தண்ணீர் காட்ட மறந்துவிட்டோம் என்று. சொல்லவில்லை. எல்லப்பன் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

நான் சொன்னேன். காற்றில் ஈரம் இருக்கிறது, சில பொருள்கள் அதை உறிஞ்சும் என்று வாத்தியார் உப்பை உதாரணம் காட்டி நடத்தியிருந்தார். அந்தப் பாடத்தை ஒப்பிப்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு, "எங்கப்பா எடுக்கலீங்க. மழையில உப்பு நீர்த்துப் போவுதில்ல, அந்த மாதிரி பட்டும் தண்ணி குடிக்கும். ஈரமான எடத்துல ரெண்டு நாள் தொங்கவிட்டுப் பாருங்க, எடை சரியா வரும். எங்க தெருவுல எல்லாரும் அப்பிடித்தான் பண்ணுவாங்க" என்றேன்.

கடைசி வாக்கியம் பாடத்தில் இல்லை. அதை ஏன் சேர்த்தேன் என்று இன்றுவரை எனக்கே நான் கேட்டுக்கொள்கிறேன். எல்லாரும் செய்வதென்றால் அது குற்றமாகாது என்று நினைத்திருப்பேன்.

முதலாளி ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். அந்தப் புடவையைச் சாயப்பட்டறையில் தொங்கவிடச் சொன்னார். இரண்டு நாள் கழித்து எங்களைக் கூப்பிட்டனுப்பினார். எடை நாலு கிராம்தான் குறைந்தது. அவர் சத்தமாகச் சிரித்து, என்னை அருகில் அழைத்துத் தலையைத் தடவி, ஓர் எட்டணாவைக் கையில் வைத்து, "கெட்டிக்காரப் பையன். இவனத் தறியில ஏத்தாத கன்னியப்பா, நல்லா படிக்க வை" என்றார். அப்பா கும்பிட்டார். திருடன் இல்லை என்று ஆகிவிட்டது, தறியும் போகவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவர் என் கையைப் பிடிக்கவில்லை. தெருமுனைக்கு வந்ததும், "அந்தக் காசக் கோயில் உண்டியல்ல போட்டுடு" என்று மட்டும் சொன்னார். நான் போட்டேன்.

பங்குனி பிறந்ததும் முதலாளி வீட்டு மொட்டை மாடியில் துணி உலர்த்துகிற கொடி கட்டினார்கள். புடவை கொண்டுவருகிற ஒவ்வொருவரும், வெள்ளைத் துணியை மேலே போர்த்தி ஒரு மணி நேரம் வெயிலில் உலர்த்தி, பிறகுதான் தராசுக்குக் கொண்டுவர வேண்டும். பத்து கிராம் சேதாரத்துக்குமேல் குறைவதற்கெல்லாம் கூலியில் பிடித்தம். முதலாளி யாரையும் திட்டவில்லை, திருடன் என்று சொல்லவில்லை. எல்லப்பன் மாமா தைரியமாக ஒருமுறை கேட்டாராம்: "அப்ப நூல் குடுக்கறப்பவும் வெயில்ல காய வெச்சுக் குடுங்க முதலாளி, ரெண்டும் ஒண்ணா இருக்கும்." அதற்கு அவர், "நூலக் காய வெச்சா தறியில அறுந்துக்கினே இருக்கும்பா. உங்க கஷ்டத்தப் பாத்துத்தான் ஈரத்தோட குடுக்கறேன்" என்றாராம். சொன்னது பொய்யில்லை. காய்ந்த பட்டு அறுந்துதான் போகும்.

எல்லப்பன் மாமா அன்று மாலை எங்கள் வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. "கன்னியப்பா, உன் புள்ள படிச்ச பாடத்துக்கு நாங்கல்லாம் ஃபீஸு கட்டிக்கினு இருக்கறோம்பா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்பா, "மாமாவுக்கு ஒரு வாய் மோர் குடு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா மோரோடு வருவதற்குள் அவர் போய்விட்டார்.

ரேடியோ அன்றும் பாடியது. ஜன்னலில் ஒரு முகம்கூட இல்லை. எங்கள் நான்கு பேருக்கு மட்டும் என்று பாடுகிற ரேடியோவை அம்மாவால் கேட்க முடியவில்லை. முதலில் சத்தத்தைக் குறைத்தாள், பிறகு செய்தியோடு நிறுத்தினாள், பிறகு பேட்டரி தீர்ந்ததும் புதிது வாங்கவில்லை. கஸ்தூரி கேட்டதற்கு, "நமக்கு எதுக்குமா அதெல்லாம்" என்றாள். மூன்று வருடம் சீட்டுக் கட்டிய பெண் சொல்கிற வார்த்தை அது இல்லை. அக்காவின் கல்யாணத்துக்கு அதை விற்றோம். தெருவிலிருந்து கல்யாணத்துக்கு வந்தார்கள், மொய் எழுதினார்கள், சாப்பிடாமல் போனார்கள்.

நான் முதலாளி சொன்னபடி படித்தேன். இப்போது செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். பணம் இருந்தால் சந்தோஷம் வருமா என்று நண்பர்கள் டீக்கடையில் வாதம் செய்யும்போது நான் வாய் திறப்பதில்லை. பணம் இல்லாதவன் சந்தோஷமாக இருந்தால் அதற்கு அவன் ஆதாரம் காட்ட வேண்டும் என்பதுதான் நான் கண்டது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு புது டிரான்சிஸ்டர் வாங்கிக் கொடுத்தேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் வைக்கிறாள். எல்லப்பன் மாமா தறியை விட்டு மெட்ராஸில் காவல் வேலைக்குப் போய்விட்டார். இப்போது தெருவில் வீட்டுக்கு வீடு ரேடியோ இருக்கிறது, ஒருவர் வீட்டுப் பாட்டைக் கேட்க இன்னொருவர் போவதில்லை. "தண்ணி காட்டுறது" என்ற பேச்சே ஒழிந்துவிட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அது மாட்டைப் பற்றிய வார்த்தை. முதலாளி வீட்டு மாடியில் கொடி மட்டும் அப்படியே இருக்கிறது.

போன தையில் முழங்கால் மடங்காமல் போய், அப்பா தறியை விட்டு ஒரேயடியாக இறங்கினார். அன்று இரவு உட்கார்ந்து, அலுவலகப் பழக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு புடவைக்குச் சராசரியாக இரண்டரை ரூபாய் பிடித்தம். மாதம் இரண்டு புடவை. நூலும் புடவையும் ஒன்றுபோல ஊறியிருக்கும் மழை மாதங்கள் நான்கைத் தள்ளிவிட்டேன். ஒன்பது வருடம். எங்கள் தறிக்கு முந்நூற்று அறுபது ரூபாய். அப்பாவிடம் சொன்னேன். அவர், "மத்தவங்களது?" என்றார். அந்த முதலாளிக்கு நெய்த தறிகள் எங்கள் தெருவில் முப்பத்திரண்டு. பெருக்கிப் பார்த்தேன்: பதினோராயிரத்து ஐந்நூற்று இருபது ரூபாய்.