என்ஜினியர் அறையின் முத்திரை

இடது கை நூலை இழுத்துப் பிடித்திருந்தது. வலது கை அரக்குக் குச்சியை மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே காட்டித் திருப்பிக்கொண்டிருந்தது. சுடர் பட்டால் அரக்கு புகையேறிக் கறுத்துவிடும். கறுத்த அரக்கு ஆறியதும் உதிரும். நுனி உருகித் தேன் பதத்துக்கு வந்தது. கப்பல் என்ஜினியர் அறையின் கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே ஓடிய நூலின் இரு முனைகளிலும் சொட்டு விழுந்தது. பித்தளை முத்திரையை வாயருகே கொண்டுபோய் ஊதினார். அந்த ஈரம் இல்லாவிட்டால் அரக்கு பித்தளையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அழுத்தினார், பொறுத்தார், எடுத்தார். எழுத்துகள் கூராக விழுந்திருந்தன.

"ஆச்சா? படகு நிக்குது" என்று மேல்தளப் படியிலிருந்து யாரோ கேட்டார்கள்.

ஆச்சு என்று சொல்லிவிட்டு மெழுகுவர்த்தியை அணைத்தார். உள்ளே படுக்கை ஓரத்து அலமாரியில், கைக்குட்டை போட்டு மூடிய ஒரு கண்ணாடி டம்ளரை அவர் பார்த்திருந்தார். ஏதோ மருந்து என்று நினைத்தார். எடுத்து வெளியே வைத்திருக்க வேண்டும். படகு அவசரப்படுத்தியது, விட்டுவிட்டார்.

அலுவலகத்தில் அவரை எல்லோரும் அரக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார் என்பது அங்கே பழைய கேலி. போருக்கு முன்பு தபால் ஆபீசில் பார்சல்களுக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தவர். போர் வந்தது. நடுக்கடலில் பிடிபட்ட எதிரி நாட்டு வியாபாரக் கப்பல்கள் ஒவ்வொன்றாக இந்தத் துறைமுகத்துக்குள் இழுத்து வரப்பட்டன. கப்பல் யாருக்கு, சரக்கு யாருக்கு என்று நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை ஒரு துரும்பும் இடம் மாறக் கூடாது. அதற்கென்று ஓர் அலுவலகம் திறந்தார்கள். நீளமான அரசாங்கப் பெயர் அதற்கு உண்டு. ஊர் வாயில் அது பிடிகப்பல் ஆபீஸ். சரக்கு அறைகளுக்கு ஈயமும் கம்பியும், கப்பல்காரர்களின் அறைகளுக்கு நூலும் அரக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே இரண்டையும் பழகிக்கொண்டார். எதுவும் நடக்காமல் இருந்தால் அவர் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். அதனாலேயே அவரைப் பாராட்டுவது யாருக்கும் தோன்றியதில்லை.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் தற்காலிகம். நிரந்தரமானவர்களுக்கு அரசாங்கக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு கிடைக்கும். அவருடைய வீடு ஓர் அறை; நடுவில் ஒரு திரை. இந்தப் பக்கம் அவரும் மனைவியும், அந்தப் பக்கம் மாமியார். அவர் இருமினால் திரைக்கு அப்பாலிருந்து ஒரு கை தண்ணீர்ச் சொம்பை நீட்டும். மாமியார் பெருமூச்சு விட்டால் இவர் எழுந்து ஜன்னலைத் திறப்பார். சண்டை போடக்கூட அங்கே இடம் இல்லை என்பாள் மனைவி. இந்த வருடம் நிரந்தரமாகப் போகிறவர்களில் அவர் பெயரும் அடிபட்டது. அவர் பணியில் இதுவரை ஒரு குறையும் இல்லை; அதுதான் தகுதி.

பிடிபட்ட கப்பல்களின் ஆட்களைத் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கில் வைத்திருந்தார்கள். அவர்களுடைய பெட்டி படுக்கைகளை முத்திரையோடு அங்கே கொண்டுபோய், உரியவர் கண்ணெதிரே முத்திரையை உடைத்துக் கொடுப்பதும் இவர் வேலைதான். கேப்டன், தலைமை என்ஜினியர் இருவரின் அறைகள் மட்டும் விதிவிலக்கு. அங்கே வரைபடங்களும் கடிதங்களும் இருக்கும். வழக்கு முடியும்வரை அப்படியே பூட்டியிருக்கும்.

அப்படி ஒரு நாள் பெட்டிகளோடு போனபோது, முகாம் சமையல்காரர் இவரைப் பிடித்துக்கொண்டார். புதிதாக வந்த கப்பலின் என்ஜினியர் கிழவர் வந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடுவதில்லையாம். ரொட்டியைத் தொடுவதில்லை, இறைச்சியைத் திரும்பிப் பார்ப்பதில்லை, வெறும் டீ. பேசுவதும் இல்லை. போராட்டம் பண்ணுகிறார் என்று முகாம் அதிகாரி எழுதிவிட்டார். அடுத்த வாரத்துக்குள் சாப்பிடாவிட்டால் அடம்பிடிப்பவர்களை வைக்கும் தூரத்து முகாமுக்கு, அவருடைய ஆட்களிடமிருந்து பிரித்து, தனியாக அனுப்பிவிடுவார்கள்.

"அங்க போனா இந்த உடம்பு தாங்காது. என் சமையல் அவ்வளவு மோசம்னு ஒரு மனுஷன் உயிர விடணுமா?" என்றார் சமையல்காரர். கேலியாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரலில் கேலி இல்லை.

இவர் எட்டிப் பார்த்தார். உயரமான, எலும்பு துருத்திய மனிதர், சுவரோரப் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கைக்குட்டையை வாயில் வைத்திருந்தார். இளவயது மாலுமி ஒருவன் வந்து ஏதோ கேட்டான். கிழவர் கண்ணாலேயே பதில் சொல்லி அவனை அனுப்பினார். அவன் இரண்டடி பின்னால் நகர்ந்து, பிறகுதான் திரும்பி நடந்தான். கப்பலில் அவர் எப்படிப்பட்டவராக இருந்திருப்பார் என்று அதிலேயே தெரிந்தது.

மறுநாள் காலை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது பால்காரர் கதவைத் தட்டினார். மாமியார் அப்போதுதான் பல்செட்டைக் கழற்றிக் கழுவப் போயிருந்தாள். கையிலிருந்த துணியை வாயில் பொத்திக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் பாலை வாங்கிக்கொண்டு, கண்ணாலேயே பால்காரரை அனுப்பிவைத்தாள்.

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

டம்ளர். கைக்குட்டை போட்டு மூடிய டம்ளர். கிழவரை விடியற்காலையில் தூக்கத்திலிருந்து எழுப்பி, அப்படியே மேல்தளத்துக்கு ஏற்றியிருப்பார்கள். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் யாரும் போகவில்லை, இவரைத் தவிர.

விஷயத்தைச் சொன்னதும் மாமியார் பல்லை மாட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு இது வேடிக்கையாக இல்லை. நனைத்த ரொட்டியைச் சாப்பிடலாமே என்று மனைவி கேட்டதற்கு, பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து மென்று பார், பொக்கை வாய் எப்படி ஆடும் என்று தெரியும் என்றாள். தனக்குப் பல் போன வருடம் சொந்த அக்கா வீட்டுக்கே போகாமல் இருந்ததைச் சொன்னாள். கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

"மாப்பிள்ளை, சூடு காட்டின கத்திய அடியில விட்டா அரக்கு முழுசா பேந்து வரும்னு நீங்கதானே ஒரு நாள் சொன்னீங்க? எடுத்துட்டுத் திரும்ப ஒட்டிடுங்க. நீங்க வச்சது. நீங்க எடுத்தா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் அத்தை" என்றார். பிறகு, அது பெருமை பேசுவதுபோல் இருந்ததால், விளக்கினார். அந்த அறையில் கிழவரின் கடிகாரம் இருக்கிறது, மோதிரம் இருக்கிறது, யாருடையதோ புகைப்படம் சட்டத்தில் இருக்கிறது. பக்கத்துக் கப்பல்களில் இப்படி எத்தனையோ அறைகள். பல்லுக்காக ஒரு முத்திரையைத் தூக்கலாம் என்றால் மோதிரத்துக்காகவும் தூக்கலாம். அதற்குப் பிறகு அவர் வைக்கும் அரக்கு வெறும் சிவப்புப் பொட்டுதான்.

அப்படியானால் நேர்வழி. நேர்வழியில் போனால், உரியவர் தனக்கு என்ன பொருள் வேண்டும் என்று எழுதி மனுப் போட வேண்டும். நீதிமன்றத்தில் அதைச் சத்தமாகப் படிப்பார்கள். மாலுமிகளின் சார்பில் ஒருவன் அங்கே உட்கார்ந்திருப்பான். அதற்குள் அடுத்த வாரமும் போய்விடும். அது மட்டுமில்லை, இப்படி வாயைப் பொத்திக்கொண்டு பட்டினி கிடக்கும் மனிதர் அந்த மனுவில் கையெழுத்துப் போடப்போவதில்லை.

துறைமுகத்துக்கு நடக்கும் வழியெல்லாம் அதையே புரட்டினார். நங்கூரச் சங்கிலிக் கடையைத் தாண்டும்போதுதான் தன்னுடைய வேலைக்கான விதி நினைவுக்கு வந்தது. முத்திரை வைக்கும் அறையில் தின்பண்டமோ நெருப்போ திறந்த பாத்திரத்தில் தண்ணீரோ இருக்கக் கூடாது. இருந்தது தெரிந்தால் உடனே ஒரு மேலதிகாரி முன்னிலையில் திறந்து அகற்ற வேண்டும். அதற்கு நீதிமன்றம் வேண்டாம். கண்காணிப்பாளரின் உத்தரவு போதும். டம்ளரில் இருந்தது தண்ணீர். மூடியிருந்தது வெறும் துணி. பார்த்தும் விட்டுவந்தது அவர்.

பொய்யே சொல்ல வேண்டியதில்லை. தன் தவறை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும்.

நாலே வரியில் எழுதிக் கொண்டுபோய்க் கண்காணிப்பாளரின் மேசைமேல் வைத்தார். கண்காணிப்பாளர் கெட்டவர் அல்ல. பல் வலிக்காரர்போல் எப்போதும் முகத்தைச் சுளித்திருப்பார், அவ்வளவுதான். இரண்டு முறை படித்தார்.

"நிரந்தரம் பண்ற நேரம் பார்த்து இத எழுதிக் குடுக்கிறீங்களே?"

"ஆமாங்க."

"ஒரு டம்ளர் தண்ணி. இவ்வளவு நாள்ல வத்தியே போயிருக்கும்."

"அதே அலமாரியில வரைபடமெல்லாம் இருக்கு சார். கப்பல் ஆடினா சரிஞ்சுடும். நான் பார்த்து எடுத்திருக்கணும். பார்த்தேன், எடுக்கல."

கண்காணிப்பாளர் பேனாவை எடுத்தார். பிறகு, பாத்திரத்தை அதில் உள்ளதோடு அகற்றி, வழக்குக்குத் தேவைப்படாவிட்டால் உரியவரிடம் சேர்க்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தொப்பியை எடுத்துக்கொண்டு தானும் கிளம்பினார்.

கப்பலில் அறைக் கதவின் முன்னால் நின்று இவர் முதலில் முத்திரையைக் காட்டினார். உடையவில்லை, விரியவில்லை, நூல் தளரவில்லை. பார்த்தாயிற்று என்று கண்காணிப்பாளர் தலையாட்டிய பிறகே நூலை வெட்டினார். உள்ளே எண்ணெயும் பழைய புகையிலையும் கலந்த வாசனை. டம்ளர் வைத்த இடத்தில் இருந்தது. கண்காணிப்பாளரே கைக்குட்டையைத் தூக்கினார். பாதி வற்றிய தண்ணீரில் இரண்டு வரிசைப் பற்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

கண்காணிப்பாளர் குனிந்து பார்த்தார்.

"இது தண்ணியா?" என்றார் கண்காணிப்பாளர்.

"தண்ணிதான் சார். உள்ள இருக்கிறதுதான் வேற."

"சாப்பிடாம அடம்பிடிக்கிறார்னு முகாம்ல எழுதியிருக்காங்களே, அந்த ஆளா?"

"ஆமாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க எழுதணும் சார். எழுதினா யாராவது படிப்பாங்க."

கண்காணிப்பாளர் கைக்குட்டையை மறுபடி டம்ளர்மேல் போட்டார், தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவதுபோல. உத்தரவில் உள்ளதோடு என்றுதான் எழுதியிருக்கிறேன், என்ன உள்ளது என்று யாரும் கேட்கப் போவதில்லை என்றார். ஆனால் குறை குறைதான் என்றும், அதை அழிக்கத் தன்னால் முடியாது என்றும் சொன்னார். சொல்லும்போது இவர் முகத்தைப் பார்க்கவில்லை. அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லையே என்று சொல்லிவிட்டு, இவர் கதவுக்குப் புது நூலை அளந்து வெட்டத் தொடங்கினார்.

முகாமுக்குப் போகும் வழியில் வீட்டுக்குள் நுழைந்தார். டம்ளரைப் பார்த்த மாமியார், இப்படியே தெருவில் தூக்கிக்கொண்டு போகப்போகிறீர்களா என்று அதட்டினாள். திரைக்கு அந்தப் பக்கம் போய், மூடி போட்ட வட்டமான தகர டப்பா ஒன்றோடு வந்தாள். அவளுடைய பல் தூங்குவது அதில்தான். ஈரப் பஞ்சு வைத்து, அதன்மேல் பல்லை வைத்து, இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்து மூடினாள். காய்ந்தால் வாயில் சரியாக உட்காராது என்றாள்.

"உங்களுக்கு டப்பா?"

"எனக்கு டம்ளர் போதும். நான் என்ன கப்பல்லயா போகப் போறேன்?"

வீடு கிடைக்காது என்பதை அவர் மனைவியிடம் சொன்னார். அவள் திரையை ஒரு முறை பார்த்தாள். அதில் ஏற்கெனவே இரண்டு ஒட்டு.

"அடுத்த தடவ பார்த்துக்கலாம். இப்ப ஒரு புதுத் திரை வாங்கிடுவோம்" என்றாள். பிறகு அடுப்பிலிருந்து மெழுகுவர்த்தியைப் பற்றவைத்து அவரிடம் நீட்டினாள். பிடிகப்பலிலிருந்து வெளியே போகிற எந்தப் பொருளும் முத்திரை இல்லாமல் போகக் கூடாது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

டப்பாவைச் சுற்றி நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். முடிச்சின்மேல் ஒரே ஒரு சொட்டு. முத்திரையை ஊதி, அழுத்தி, பொறுத்து, எடுத்தார். மாமியார் குனிந்து பார்த்து, அழகாக விழுந்திருக்கிறது என்றாள். அவர் வேலையை ஒருவர் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை.

முகாமில் சாப்பாட்டுக்கு மணி அடித்திருந்தது. எல்லோரும் உள்ளே இருந்தார்கள். கிழவர் மட்டும் பின்புறக் குழாயடியில், வழக்கம்போல் வாயில் கைக்குட்டையோடு நின்றிருந்தார். மொழிபெயர்ப்பாளரை இவர் வேண்டுமென்றே கூப்பிடவில்லை. எதிரே போய் நின்று, விதிப்படி, டப்பாவை வெளிச்சத்தில் திருப்பி முத்திரை முழுசாக இருப்பதைக் காட்டினார். தன் ஆட்களின் பெட்டிகளில் கண்ட அதே எழுத்துகளைக் கிழவர் அடையாளம் கண்டுகொண்டார். புருவம் சுருங்கியது. இவர் டப்பாவை மெல்ல அசைத்தபோது உள்ளிருந்து ஈரமான ஒரு சின்ன சத்தம் வந்தது.

கைக்குட்டை பிடித்த கை தானாகக் கீழே இறங்கியது. இவர் அந்த வாயைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டே, இரண்டு கையாலும் டப்பாவை நீட்டினார். எண்ணெய்க் கறை ஏறிய இரண்டு கைகள் அதை வாங்கிக்கொண்டன.