பாலியஸ்டர் சட்டையோடு பட்டாசுக் கம்பெனிக்கு

எங்கள் கல்லூரியில் 'நிலைத்த வளர்ச்சி' என்று ஒரு பாடம் தொடங்கப் போகிறார்கள். வேதியியல், பொருளியல், சமூகப்பணி, மேலாண்மை என நாலு துறையும் சேர்ந்து நடத்த வேண்டுமாம். திருச்சியில் பொருளியல் நடத்திக்கொண்டு சிவனே என்றிருந்த என் தலையில் அதைக் கட்டிவிட்டார்கள். நாலு துறைக்காரர்கள் சேர்ந்து ஒரு டீ குடித்துக்கூட நான் பார்த்ததில்லை. மதுரைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் இதே மாதிரிப் பாடத்தை நடத்தும் என் தோழி வசந்தாவுக்கு போன் போட்டேன். அவள் வேதியியல்காரி. "பிள்ளைகளைச் சிவகாசிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீயும் வா, பார்த்தாத்தான் புரியும்" என்றாள். மார்ச் முதல் வாரம் கிளம்பிவிட்டேன். மாணவர்களை அந்தப் பக்கம் அழைத்துப் போக நினைக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஐந்தரை மணிப் பேருந்து. சிவகாசிக்கு எழுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், இரண்டு மணி நேரம் ஆகிறது. டிக்கெட் எழுபது ரூபாய். விருதுநகரில் வண்டி நின்றபோது இறங்கிப் பொரிச்ச பரோட்டா கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சாயங்காலம் வாங்க தாயி" என்றார். விடியற்காலையில் அதைக் கேட்ட என்னைச் சொல்ல வேண்டும்!

சிவகாசிப் பேருந்து நிலையத்தின் வாசலில் வசந்தாவின் வேன் நின்றது. உள்ளே பதினைந்து மாணவர்கள், எல்லோரும் ஒரே மாதிரிப் பச்சை டி-ஷர்ட்டில். தூக்கிப் போட்ட பிளாஸ்டிக் பாட்டில்களை நூலாக்கி நெய்த துணி என்று வசந்தா பெருமையாகச் சொல்லி எனக்கும் ஒன்று தந்தாள். மேலே மாட்டிக்கொண்டதுமே வேர்த்துக் கொட்டியது. சுற்றுச்சூழலுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

நாங்கள் பார்க்கப் போகும் பட்டாசுக் கம்பெனிக்கு வெம்பக்கோட்டைச் சாலையில் பதினைந்து கிலோமீட்டர் போக வேண்டும். தனியாகப் போகிறவர்களிடம் ஆட்டோக்காரர்கள் நானூறு கேட்பார்கள், பேசினால் முந்நூற்றைம்பதுக்கு வருவார்கள். இரண்டு பக்கமும் கரிசல், அறுத்து முடித்த மக்காச்சோளத் தட்டை, நடுநடுவே வேலிக்குள் தள்ளித் தள்ளிக் கட்டிய, பட்டாசு செய்யும் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி.

பக்கத்து சீட்டில் மாரிச்செல்வி, முதுகலை மாணவி. வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத நான் அவளுடைய ஆய்வைப் பற்றிக் கேட்டேன். பட்டாசு வேலை முடிந்த பெண்கள் மேலெல்லாம் அலுமினியப் பொடியோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள். கம்பெனிக்குள்ளேயே குளித்துத் துணி மாற்ற ஓர் இடமும், அந்தத் தண்ணீர் பக்கத்துக் காட்டில் இறங்காமல் தேங்க ஒரு தொட்டியும் வேண்டும். அதற்குத் திட்டம் போடுவதுதான் அவள் ஆய்வு. முதலாளி ஒரே ஒரு நாள் அனுமதி தந்திருக்கிறார். இன்று தண்ணீர் மாதிரி எடுக்காவிட்டால் ஆய்வு அம்போதான்.

கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்கம்மா அந்தக் கம்பெனியிலதான் மேடம் வெடிமருந்து அடைக்கிறாக. நான் உசுரோட இருக்கிறவரைக்கும் நீ அந்தக் கேட்டுக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் படிக்க வச்சாக. இன்னிக்கு ஆனைக்குட்டம் அணைக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்."

கேட்டில் செருப்பையும் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு ஃபோர்மேன் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. வசந்தாவின் கையருகே டி-ஷர்ட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இது பாலியஸ்டருல்லா? உள்ள விட முடியாது டீச்சர்."

"பழைய பாட்டில்ல செஞ்சது அண்ணாச்சி. சுற்றுச்சூழலுக்கு நல்லது."

"நல்லதாவே இருக்கட்டும். உரசிப் பொறி வந்துச்சுன்னா சுற்றும் இருக்காது, சூழலும் இருக்காது. இங்கன பருத்தி மட்டுந்தான்."

வசந்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! துணி உரசினால் பொறி கிளம்பும் என்று போன மாதம் இதே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் அவள். டி-ஷர்ட் ஆர்டர் போட்டது மேலாண்மைத் துறை. இவள் கலர் மட்டும் பார்த்துச் சரி சொல்லியிருக்கிறாள். நாலு துறை சேர்ந்து பாடம் நடத்துகிற லட்சணம் இதுதானா என்று விழுந்து விழுந்து சிரித்தேன். திருச்சியில் நானும் இதையேதான் செய்திருப்பேன் என்று தோன்றியதும் சிரிப்பு நின்றது.

ஃபோர்மேன் இரக்கப்பட்டார். அங்கே பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வார்கள், மாற்றுச் சட்டையும் வைத்திருப்பார்கள். அவர் குரல் கொடுத்ததும் ஆளுக்கொரு சட்டையோடு கேட்டுக்கு வந்தார்கள். கடைசியாக வந்தவர் பாண்டியம்மாள், மாரிச்செல்வியின் அம்மா. முழங்கை வரை வெள்ளி நிறம். மகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஆனைக்குட்டம் இங்கனயா இருக்கு?"

மாரிச்செல்வி தண்ணீர் பிடிக்கக் கொண்டுவந்த குப்பிப் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"இந்தக் கேட்டுக்குள்ள நீ வரக் கூடாதுன்னுதான நான் அம்புட்டுப் பாடும் பட்டேன்?"

"உன் சட்டையத் தெனமும் நான்தானம்மா துவைக்கேன். அந்தத் தண்ணி என்ன கலருன்னு எனக்குத்தான் தெரியும். நீ இங்கனயே குளிச்சிட்டு வீட்டுக்கு வரணும்."

"எத்தன வெடி அடைக்கோமோ அத்தனைக்குத்தான் கூலி. அரை மணி நேரம் குளிக்கப் போனா அம்புட்டுக்குக் குறையுமே, அத யாரு குடுப்பா?"

"அதையும் சேத்துத்தாம்மா கணக்குப் போடுறேன்."

தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை வேதியியல் சொல்லிவிடும். அந்த அம்மா ஏன் குளிக்கப் போக மாட்டார் என்பதைக் கூலிக் கணக்கு பார்த்தால்தான் சொல்ல முடியும். நாலு துறையும் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மற்ற பிள்ளைகளும் நாங்களும் டி-ஷர்ட்டைக் கழற்றிவிட்டு இரவல் சட்டையில் உள்ளே போனோம். பாண்டியம்மாள் தன் சட்டையை மட்டும் மகளிடம் கொடுக்கவே இல்லை. ஃபோர்மேன், "புள்ள ஆசைப்படுது, விடேன்" என்றார். "கூடாதுன்னா கூடாதுதான் அண்ணாச்சி" என்றவர், மகளிடம் கையை நீட்டினார். "குப்பியக் குடு. எங்கன புடிக்கணும், எம்புட்டுப் புடிக்கணும்னு சொல்லு."

அன்று முழுக்க மகள் வெளியே வேப்பமர நிழலில் நின்றாள். அம்மா கை கழுவும் தொட்டி, கால்வாய், மூலைக் கிணறு என்று ஒவ்வொன்றாகப் பிடித்து வந்து கேட்டுக் கம்பிக்கு நடுவே நீட்டினார். ஒரு குப்பியை அலசாமல் பிடித்ததற்கு மகளிடம் திட்டும் வாங்கினார். "ரொம்பத்தான் வெரட்டுற" என்று முனகிக்கொண்டே திரும்பப் போனார்.

போக நினைப்பவர்களுக்கு: பருத்தி உடை மட்டும், உள்ளாடை உட்பட. அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம், வெயில் கொன்றுவிடும். சாப்பாட்டைக் கையில் கொண்டுபோங்கள். முக்கியமாக, கிளம்பும் முன் எல்லாத் துறைக்காரர்களையும் ஒரு மேசையில் உட்கார வைத்து, எடுத்துப் போகும் ஒவ்வொரு பொருளையும் காட்டுங்கள்.

மாலை வேலை முடிந்து பாண்டியம்மாள் வேன் வரைக்கும் வந்தார். தண்ணீர்க் குப்பிகள் உள்ளே ஏறியதைச் சரிபார்த்துவிட்டு வசந்தாவிடம் கேட்டார். "டீச்சர், இவ இந்தப் படிப்ப முடிச்சா வேலை எங்கன கிடைக்கும்?"

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் வெளியே பார்த்தேன். பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. "இந்த மாதிரிக் கம்பெனிகள்லதாம்மா. பாதுகாப்பு, கழிவுத் தண்ணி, இதெல்லாம் பார்க்கிற வேலை."

பாண்டியம்மாள் கேட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"அப்படீன்னா அந்தக் குளிக்கிற இடத்தக் கொஞ்சம் பெருசாவே கட்டச் சொல்லுங்க டீச்சர்," என்றார். "இவளும் குளிச்சிட்டுல்லா வீட்டுக்கு வரணும்."